பாக்கின் நாட்காட்டியைத் திருத்தியவர்

இசை ஆய்வாளர் ஒருவர் இறந்த பிறகு அவருடைய உழைப்பை எப்படி மதிப்பது, பரோக் இசையில் (17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையில்) அதற்கு நல்ல உதாரணம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே, ‘இயற்றியவரைக் கொண்டாடலாம், வாசித்தவரைக் கொண்டாடலாம், பழைய தாளைப் புரட்டிப் பார்த்தவரை எதற்குக் கொண்டாடுவது?’ என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டு கேள்விக்கும் எனக்கு ஒரே பெயர்தான் நினைவுக்கு வருகிறது: 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கை ஆராய்ந்த ஆல்ஃப்ரெட் டியூர்.

1918 மார்ச் 3 அன்று பெர்லினின் சார்லாட்டன்புர்க் பகுதியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்து, பாக்கின் ஆரம்பகாலக் கன்டாட்டாக்களைப் (ஆராதனையில் பாடும் இசைப்படைப்புகளை) பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தார். 1951 முதல் 1983இல் ஓய்வு பெறும்வரை அதே ஊரில் இருந்த யோஹான் செபாஸ்டியன் பாக் ஆய்வு நிறுவனத்தில் வேலை. 2011 ஏப்ரல் 7 அன்று அதே ஊரில் காலமானார். வாழ்க்கைக் கதையாகச் சொன்னால் இவ்வளவுதான், சுவாரஸ்யமே இல்லை. சுவாரஸ்யம் எல்லாம் 1957ஆம் ஆண்டின் பாக் ஆண்டிதழில் அவர் எழுதிய நீண்ட கட்டுரையில் இருக்கிறது. லைப்சிக் நகரில் பாக் எழுதிய குரலிசைப் படைப்புகள் எந்தெந்த நாளில் முதன்முதலாகப் பாடப்பட்டன என்று வரிசைப்படுத்தும் கட்டுரை. பெரும்பகுதி தேதிப் பட்டியல். ஆனால் அந்தப் பட்டியல் வந்தபின் பாக்கின் வாழ்க்கை வரலாற்றையே திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

ஏன் என்று புரிய, பாக்கின் வாரம் எப்படி ஓடியது என்று தெரிய வேண்டும்.

1723 மே மாதம் பாக் லைப்சிக்கில் கான்டர் (தேவாலய இசைத் தலைவர்) பதவிக்கு வந்தார். புனித தோமா, புனித நிக்கோலாஸ் என்று நகரின் இரண்டு பெரிய தேவாலயங்களிலும் ஞாயிறு, பண்டிகை நாட்களில் இசைக்கு அவர்தான் பொறுப்பு. ஆராதனையின் நடுவே, அன்றைய வேத வாசிப்போடு பொருந்துகிற கன்டாட்டா ஒன்று பாட வேண்டும். அது கோஷ்டிப் பாடல், தனிப்பாடல், வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து சுமார் இருபது நிமிடம் போகிற படைப்பு. கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வென்ட் காலத்தின் கடைசி மூன்று ஞாயிறுகளிலும், ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களிலும் கொஞ்சம் ஓய்வு. மற்றபடி வாரம் தவறாமல் வேண்டும். பாக் ஸ்கோரை (எல்லாக் குரலும் வாத்தியமும் சேர்ந்து வருகிற முழுப் பிரதியை) எழுதி முடித்ததும் தோமா பள்ளி மாணவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் தனித்தனித் தாள் பிரதி எடுப்பார்கள். மை காய்ந்ததும் காயாததுமாக ஞாயிறு வந்துவிடும்.

இப்படி எழுதியவற்றில் இன்று சுமார் 200 தேவாலயக் கன்டாட்டாக்கள் மிஞ்சியிருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், அட்டையில் பெரும்பாலும் பண்டிகையின் பெயர் இருக்கும், ஆண்டு இருக்காது. ‘திரித்துவப் பண்டிகைக்குப் பின் இரண்டாம் ஞாயிறு’ என்று இருக்கும், அவ்வளவுதான். திதி தெரியும், வருஷம் தெரியாது என்கிற கதை. பாக் லைப்சிக்கில் 27 ஆண்டு இருந்தார். அத்தனை ஆண்டுகளில் எது?

19ஆம் நூற்றாண்டில் இதற்கு விடை சொன்னவர் ஃபிலிப் ஷ்பிட்டா. 1873இலும் 1880இலும் வந்த அவருடைய இரண்டு தொகுதி வாழ்க்கை வரலாறு அசாதாரணமான உழைப்பு, அதில் சந்தேகமே இல்லை. அவர் கோரால் கன்டாட்டாக்களில் பெரும்பாலானவற்றை 1735க்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். (கோரால் என்றால் லூத்தரன் சபையார் எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டு. தரங்கம்பாடி வழி வந்த நம்மூர் லூத்தரன் சபைகளில் ஞானப்பாட்டு என்கிறார்களே, அந்த வகை. கோரால் கன்டாட்டா என்பது அப்படி ஒரு பாட்டையே முதுகெலும்பாக வைத்துக் கட்டியது.) இதிலிருந்து அழகான சித்திரம் ஒன்று பிறந்தது: பல வடிவங்களையும் முயன்று பார்த்த பாக், வயதான காலத்தில் சபையின் எளிய பாட்டுக்கே திரும்பி வந்து, தன் பக்தியின் உச்சத்தைத் தொட்டார் என்று. கிட்டத்தட்ட எண்பது ஆண்டுக்காலம் எல்லோரும் இதை நம்பினார்கள். நம்பாமல் இருப்பது கஷ்டம், அவ்வளவு நல்ல கதை.

டியூர் செய்தது கதையை விட்டுவிட்டு தாளைப் பார்த்ததுதான்.

அந்தக் காலத்துக் காகிதம் கையால் செய்தது. கம்பி வலை அச்சில் கூழை அள்ளும்போது, வலையில் தைத்திருக்கும் கம்பி உருவம் தாளில் பதியும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பிறை, மான், எழுத்து, கேடயம் என்று ஏதோ ஒன்று தெரியும். வாட்டர்மார்க். ஷ்பிட்டாவும் இதைப் பார்த்தவர்தான், ஆனால் அவருடைய கணக்கு பல இடங்களில் தப்பிவிட்டது. பாக் தாளை மலைபோல வாங்கி அடுக்கி வைக்கும் வசதிக்காரர் இல்லை. ஒரு கட்டு வாங்கினால் சில மாதங்களில் தீர்ந்துவிடும், அடுத்தது வேறு ஆலைக் காகிதமாக இருக்கலாம். ஆகவே ஒரே வாட்டர்மார்க் உள்ள கன்டாட்டாக்கள் ஒரே பருவத்தில் எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

வாய்ப்பு மட்டும்தான். உறுதியில்லை. இங்கேதான் டியூர் இரண்டாவது சாட்சியைக் கூப்பிட்டார்: பிரதி எடுத்த பையன்களின் கையெழுத்து. மாணவர்கள் பள்ளிக்கு வருவார்கள், சில வருஷம் இருப்பார்கள், போய்விடுவார்கள். இருக்கும் வரையில் கையெழுத்தும் மாறும். வரித் தொடக்கத்தில் ஸ்வர நிலையைக் காட்டும் கிளெஃப் குறியை எப்படி வளைக்கிறான், கால் மாத்திரை இடைவெளிக்கு எப்படிக் கொக்கி போடுகிறான், ஸ்வரத்தின் வாலை எந்தப் பக்கம் இறக்குகிறான் என்று ஆயிரக்கணக்கான தாள்களைப் பார்த்துப் பார்த்து, இது இன்ன கை என்று பிரித்தார். பெயர் தெரியாததால் ‘தலைமைப் பிரதியாளர் அ’, ‘தலைமைப் பிரதியாளர் ஆ’ என்று தலைப்பெழுத்து போட்டு வைத்தார். முதலாமவர் 1723இன் தொடக்கத்தில் தென்படுகிறார், 1725 முடிவோடு காணாமல் போகிறார். அப்படியானால் அவர் கை பட்ட தாள் எதுவும் 1735க்குப் போகாது. விஷயம் முடிந்தது.

பிறகு தேவாலய நாட்காட்டி. ஈஸ்டர் வருஷத்துக்கு வருஷம் நகரும், அதோடு மற்ற ஞாயிறுகளும் நகரும். திரித்துவப் பண்டிகைக்குப் பின் 27ஆம் ஞாயிறு என்பது ஈஸ்டர் மிகவும் சீக்கிரம் வரும் ஆண்டில்தான் உண்டு. பாக்கின் லைப்சிக் காலத்தில் அது 1731இலும் 1742இலும் மட்டுமே வந்தது. ‘விழித்தெழுங்கள், அழைக்கிறது குரல்’ என்ற பெயர்பெற்ற 140ஆம் எண் கன்டாட்டா அந்த ஞாயிறுக்கானது. அது 1731 நவம்பர் 25இல் பாடப்பட்டது என்று இவ்வளவு தீர்மானமாகச் சொல்ல முடிவதற்கு இதுதான் அடித்தளம். இன்னொரு வகைத் தடயமும் உண்டு. அரச குடும்பத்தில் சாவு விழுந்தால் நாடு முழுக்கத் துக்கம், தேவாலயத்தில் வாத்திய இசை கிடையாது. 1733இல் சாக்சனியின் ஆட்சியாளர் இறந்தபோது அப்படிச் சில மாதங்கள் வெறுமையாகப் போயின. அந்த மாதங்களில் எந்தக் கன்டாட்டாவையும் நுழைக்க முடியாது.

தாள், கை, நாட்காட்டி. மூன்றும் ஒரே ஆண்டைச் சுட்டினால் அதுதான் ஆண்டு. மூன்றும் சுட்டிய திசை எல்லோரையும் தூக்கிவாரிப்போட்டது. கோரால் கன்டாட்டாக்களில் பெரும்பகுதி, ஏறக்குறைய நாற்பது, 1724 ஜூன் 11 முதல் 1725 மார்ச் 25 வரை ஒரே மூச்சாக எழுதப்பட்டவை. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு மூன்று. தொடங்கும்போது பாக்குக்கு வயது 39. லைப்சிக்குக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. முதுமையின் கனிவு என்று எண்பது ஆண்டாகச் சொல்லி வந்தது, உண்மையில் புது உத்தியோகத்தில் சேர்ந்த இரண்டாம் வருஷத்து வெறித்தனமான உழைப்பு.

அதோடு நிற்கவில்லை. மிச்சமிருக்கும் கன்டாட்டாக்களில் மிகப் பெரும்பகுதி 1720களிலேயே முடிந்துவிட்டது. 1729 முதல் பாக் நகரத்து மாணவர் இசைக்குழு ஒன்றை நடத்தி, ஸிம்மர்மன் காபிக் கடையில் கச்சேரி செய்து கொண்டிருந்தார். கடைசி வரை வாராவாரம் தேவாலயத்துக்கு எழுதிக்கொண்டே இருந்த கான்டர் என்ற படம் கலைந்துவிட்டது.

இந்தப் பெருமையை டியூருக்கு மட்டும் கொடுத்தால் அது நியாயமில்லை. டியூபிங்கனில் இருந்த கேயோர்க் ஃபான் டாடெல்சன் இதே நேரத்தில் பாக்கின் கையெழுத்தை வைத்து ஆராய்ந்து, 1958இல் தன் முடிவுகளை வெளியிட்டார். இருவர் கணக்கும் பொருந்தி வந்ததால்தான் உலகம் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது.

அந்தக் காலத்தில் இந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு விவரம். 1750இல் பாக் இறந்த பிறகு அவர் மனைவி அன்னா மக்டலேனா கோரால் கன்டாட்டாக்களின் பாடகர், வாத்தியத் தாள்களைத் தோமா பள்ளிக்குக் கொடுத்தார். 44 கட்டுகள் இன்றும் லைப்சிக்கில் இருக்கின்றன. ஸ்கோர்கள் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடெமன் பங்குக்குப் போய், அவர் பணமுடையில் விற்றதால் திசைக்கொன்றாகச் சிதறின. மற்றவர்களின் பங்கிலிருந்து பெர்லின் நூலகத்துக்கு வந்து சேர்ந்தவை ஏராளம். போரின்போது அவற்றை வெளியூர்களுக்கு மாற்றினார்கள். போர் முடிந்தபோது ஒரு பகுதி டியூபிங்கனிலும் மார்புர்கிலும் மாட்டிக்கொண்டது, ஒரு பகுதி போலந்துக்குப் போனது. ஜெர்மனி இரண்டானது. ஆக ஒரே கன்டாட்டாவின் ஸ்கோர் மேற்கில், தனித்தாள்கள் கிழக்கில் என்ற நிலை. கோட்டிங்கன் மேற்கில், எல்லைக்குப் பக்கத்தில். லைப்சிக் அந்தப் பக்கம். இருந்தும் புதிய பாக் பதிப்பு என்ற பெருந்தொகுப்பை இரண்டு ஜெர்மனிகளும் சேர்ந்தே நடத்தின. மேற்கில் கோட்டிங்கன் நிறுவனமும் காஸலின் பேரன்ரைட்டர் பதிப்பகமும், கிழக்கில் வெர்னர் நாய்மன் தொடங்கிய பாக் ஆவணக் காப்பகமும் லைப்சிக்கின் அரசுப் பதிப்பகமும். பாக் ஆண்டிதழையும் டியூரும் நாய்மனும் 1953 முதல் 1974 வரை சேர்ந்தே நடத்தினார்கள். நடுவில் 1961இல் பெர்லினில் சுவர் எழும்பியது, ஆண்டிதழ் நிற்கவில்லை. என்னைக் கேட்டால், தேதிக் கண்டுபிடிப்புக்கு இணையான சாதனை இது.

சரி, கேள்விக்கு வருவோம். இப்படிப்பட்ட ஆளுக்கு எப்படி மரியாதை செய்தார்கள்?

வழக்கமான மரியாதைகள் எல்லாம் கிடைத்தன. 1983இல் 65 வயது நிறைந்தபோது சக ஆய்வாளர்கள் கட்டுரைகள் எழுதிச் சிறப்பு மலர் வெளியிட்டார்கள். பல்கலைக்கழகங்கள் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தன. இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

உண்மையான மரியாதை வேறு வழியில் வந்தது, அவரைத் திருத்துவதில். தலைகீழாகத் தோன்றும், ஆனால் அதை முதலில் தொடங்கி வைத்தவரே அவர்தான். 1957 கட்டுரை 1976இல் புத்தகமாக மறுபடி வந்தபோது பழைய தேதிகளைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளவில்லை. பழையதை அப்படியே விட்டு, இடைப்பட்ட ஆண்டுகளில் மற்றவர்கள் கண்டுபிடித்ததைக் குறிப்புகளாகச் சேர்த்து வெளியிட்டார்.

அப்படி என்ன கண்டுபிடித்தார்கள்? லைப்சிக் தேவாலயங்களில் கன்டாட்டாவின் வரிகளைச் சிறு புத்தகமாக அச்சடித்து மக்களுக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதில் தேதி இருக்கும். வாசித்ததும் தூக்கிப்போடுகிற சமாச்சாரம் என்பதால் மிஞ்சியது சொற்பம். 1970களின் தொடக்கத்தில் வோல்ஃப் ஹோபோம் என்பவர் லெனின்கிராட் நூலகத்தில் இவற்றில் சிலவற்றைக் கண்டெடுத்தார். வாட்டர்மார்க்கையும் கையெழுத்தையும் வைத்து டியூர் ஊகித்த தேதிகளை, அச்சிட்ட தாள் உறுதி செய்தது. ஓர் ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

‘தலைமைப் பிரதியாளர் அ’ யார் என்று ஹான்ஸ் யோவாக்கிம் ஷுல்ட்ஸே கண்டுபிடித்தார்: யோஹான் ஆண்ட்ரியாஸ் கூனாவ், பாக்குக்கு முன் அதே கான்டர் பதவியில் இருந்தவரின் உறவுக்காரப் பையன். அடுத்தவர் கிறிஸ்டியன் காட்லோப் மைஸ்னர். வெறும் தலைப்பெழுத்தாக இருந்தவர்களுக்கு இருநூறு ஆண்டு கழித்துப் பெயர் கிடைத்தது.

தவறியதும் உண்டு. மத்தேயு பாடுகள் இசைப்படைப்பு 1729 பெரிய வெள்ளியன்று முதலில் பாடப்பட்டது என்று அன்று எல்லோரும் சொன்னதையே டியூரும் எழுதினார். 1975இல் அமெரிக்காவின் ஜோஷுவா ரிஃப்கின் அது 1727 ஏப்ரல் 11ஆகவே இருக்க வேண்டும் என்று வாதிட்டார். இன்று 1727தான் பரவலாக ஏற்கப்பட்ட தேதி. அதை நிறுவ ரிஃப்கின் பயன்படுத்தியதும் டியூர் தலைமுறை உண்டாக்கிக் கொடுத்த அதே வகைச் சான்றுகள்தான்.

இன்னொரு பக்கம், அவருடைய கண்டுபிடிப்பை அளவுக்கு மீறி இழுத்தவர்களையும் அவர் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. 1962இல் ஃபிரீட்ரிக் ப்ளூமெ என்ற பெரிய இசையறிஞர் மைன்ஸ் நகர பாக் விழாவில் பேசும்போது, புதிய தேதிகளின்படி பாக் மனமுவந்து தேவாலயத்துக்கு எழுதியவரே அல்ல, வேலைக்காக எழுதினார், வாய்ப்பு வந்ததும் விட்டுவிட்டார் என்கிற அளவுக்குப் போனார். தன் ஆய்வை ஒரு பெரிய மனிதர் மேடையில் தூக்கிப் பிடித்தால் நம்மில் பலர் பேசாமல் இருந்துவிடுவோம். டியூர் அதே ஆண்டு பதில் எழுதினார். பாக் எப்போது எழுதினார் என்று தாள் சொல்லும், எந்த மனநிலையில் எழுதினார் என்று சொல்லாது. அந்தப் பதிலின் சாராம்சம் இதுதான்.

கேட்பவர்களாகிய நமக்கு அவர் பெயர் தெரியாமலே வந்து சேர்ந்த மரியாதை ஒன்றும் இருக்கிறது. கன்டாட்டாக்களுக்குள்ள எண் காலவரிசை இல்லை. முதலாம் எண் என்று வழங்குவது 1725 மார்ச் 25இல் பாடப்பட்டது, கோரால் ஆண்டின் கடைசிப் படைப்பு. 1851இல் அச்சேறிய பழைய பதிப்பின் முதல் தொகுதியில் முதலாவதாக வந்ததால் அந்த எண், வேறு காரணம் இல்லை. இசை நடத்துநர்கள் ஹார்னன்கோர்ட்டும் லேயோன்ஹார்ட்டும் 1971இல் தொடங்கிப் பதிவு செய்த முழுத் தொகுப்பு இந்த எண் வரிசையிலேயே வெளிவந்தது. நான் முதலில் கேட்டது அதைத்தான். ஓர் இளமைப் படைப்புக்கு அடுத்து இருபது ஆண்டு தள்ளி எழுதியது வரும், தலையும் புரியாது வாலும் புரியாது. 1990களில் டோன் கூப்மன், ஜப்பானின் மசாக்கி சுசுகி என்ற நடத்துநர்கள் முழுத் தொகுப்புப் பதிவைத் தொடங்கியபோது எண்ணைத் தள்ளிவிட்டுக் காலவரிசையைப் பெரும்பாலும் கைக்கொண்டார்கள். சுசுகியின் தொகுப்பு 55 தொகுதிகளாக 2013இல் முடிந்தது. அந்த வரிசைக்குப் பின்னால் இருப்பது 1957 பட்டியல்தான்.

புதிய பாக் பதிப்பு, நூறு தொகுதிகளைத் தாண்டி, 2007இல் நிறைவடைந்தது. மத்தேயு பாடுகளும் விசைப்பலகைக்கான நாற்பத்தெட்டு பிரிலூட்-ஃப்யூகுகளும் அதில் டியூரின் பதிப்பு. வேலை முடிந்ததால் கோட்டிங்கன் நிறுவனத்தை 2006 முடிவில் மூடிவிட்டார்கள். முதலில் வாசித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, பிறகு யோசித்தால் எடுத்த காரியம் முடிந்து மூடப்பட்ட நிறுவனங்கள் எத்தனை? ஆய்வு லைப்சிக்கில் தொடர்கிறது. அங்கே பாக் ஆவணக் காப்பகத்தின் இயக்குநர் பீட்டர் வால்னி, பெல்ஜிய அரச நூலகத்தில் தான் 1992இல் பார்த்த, ஆசிரியர் பெயரில்லாத இரண்டு ஆர்கன் சக்கோன்களை (அடிப்படை இசை வரி ஒன்று திரும்பத் திரும்ப வரும் படைப்புகளை) விடாமல் துரத்திக்கொண்டிருந்தார். பிரதி எடுத்த கை யாருடையது என்பதுதான் முடிச்சு. அது ஆர்ன்ஷ்டாட்டில் பாக்கிடம் படித்த சாலமன் குந்தர் யோன் என்பவரின் கை என்று தெரிந்தபின், 2025 நவம்பரில் இரண்டும் இளம் பாக்கின் படைப்புகளாக அறிவிக்கப்பட்டு, தோமா தேவாலயத்தில் கூப்மன் வாசித்தார். பெயரில்லாத ஒரு பிரதியாளரின் பின்னால் முப்பது ஆண்டு நடப்பது என்பது டியூர் போட்ட பாதை.

அவரைப் படிக்க வேண்டுமானால் 1971இல் வந்த கன்டாட்டாக்கள் பற்றிய பெரிய புத்தகத்தை எடுங்கள். ரிச்சர்ட் ஜோன்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2005இல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக வந்தது. அதுவும் எண் வரிசையில் போகாது, தேவாலய ஆண்டின் வரிசையில் போகும். நடை வறண்டதுதான், மறைக்க வேண்டியதில்லை. நாவல் மாதிரி வாசிக்க உட்காராதீர்கள். ஒரு கன்டாட்டாவைக் கேட்பதற்கு முன் அதற்கான இரண்டு பக்கத்தை மட்டும் பாருங்கள். கையெழுத்துப் பிரதிகளை ‘பாக் டிஜிட்டல்’ இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஒரு தாளைப் பெரிதாக்கி, கூனாவ் எப்படிக் கிளெஃப் போடுகிறான் என்று ஐந்து நிமிடம் பார்த்தால், டியூர் எத்தனை ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று புரிந்துவிடும்.

அப்புறம் நான்கு கன்டாட்டாக்களை இந்த வரிசையில் கேளுங்கள்: எண் 20, எண் 2, எண் 7, எண் 135. எண்ணைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. டியூரின் பட்டியலில் இவை 1724 ஜூன் 11, 18, 24, 25. கோரால் ஆண்டின் முதல் நான்கு. ஒவ்வொன்றின் தொடக்கக் கோஷ்டியிலும் ஞானப்பாட்டின் மெட்டை எந்தக் குரல் தாங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். முதலாவதில் சோப்ரானோ. இரண்டாவதில் ஆல்டோ. மூன்றாவதில் டெனர். நான்காவதில் பாஸ். முதலாவது பிரெஞ்சு ஓவர்ச்சர் (தொடக்க இசை) பாணி, இரண்டாவது பழைய மோட்டெட் (பல குரல் கோஷ்டிப் பாட்டு) பாணி, மூன்றாவதில் இத்தாலியக் கான்செர்ட்டோ போல வயலின் தனியே ஓடுகிறது. மேலிருந்து கீழாக ஒரு குரல் ஒரு குரலாக இறங்கி வருகிற திட்டம். யோவான் ஸ்நானகன் திருநாள் அந்த ஆண்டு சனிக்கிழமை விழுந்ததால், டெனரும் பாஸும் அடுத்தடுத்த நாளில் பாட வேண்டியிருந்தது.